கைக்குழந்தையும் மூன்றரை வயது மகளுமாகச் சிங்கப்பூரில் ஐந்து நாள்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். திருச்சியிலிருந்து ஜூன் மாதம் ஐந்து நாள் சிங்கப்பூர் வருகிறீர்கள். ஒன்பது மாத மகன், மூன்றரை வயது மகள், கணவர், மாமியார். இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு ஊர் சுற்ற முடியுமா, இல்லை அவர்கள் வளரும்வரை தள்ளிப்போடலாமா, எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தள்ளிப்போட வேண்டாம், வாருங்கள். பதினான்கு வருடமாக இங்கே இருக்கிறேன். இரண்டு பிள்ளைகளை இந்த ஊரில்தான் ஸ்ட்ரோலரில் தள்ளி வளர்த்தேன். நான் போன ஊர்களில் கைக்குழந்தையோடு சுற்ற இதைவிடச் சுலபமான ஊரைப் பார்த்ததில்லை. ஆனால் ஒன்று. எந்த நேரத்துக்கு எங்கே போவது என்பதை உங்கள் மகனின் தூக்கத்தை வைத்து முடிவு செய்யுங்கள். இடங்களின் பட்டியலை வைத்து முடிவு செய்தால் மூன்றாம் நாளே எல்லோரும் தளர்ந்துபோவீர்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் அக்கா குடும்பம் முதல்முறை வந்தபோது அவர்கள் பையனுக்கு ஒரு வயது. ஆசை ஆசையாக நானே ஒரு திட்டம் போட்டேன்: காலையில் ஒரு தோட்டம், மத்தியானம் ஒரு மியூசியம், சாயங்காலம் கடற்கரை, ராத்திரி விளக்குக் காட்சி. இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் மத்தியானம் குழந்தை பால் குடிக்கவில்லை, தூங்கவும் இல்லை, அழுதுகொண்டே இருந்தான். அக்கா ஒரு ரயில் நிலைய பெஞ்சில் உட்கார்ந்து அவனோடு சேர்ந்து அழுதாள். அன்று அறைக்குத் திரும்பி, திரையை இழுத்து மூடி, மூன்று மணி நேரம் எல்லோரும் தூங்கினோம். மறுநாளிலிருந்து ஒரு நாளைக்கு ஒரே ஒரு இடம்தான். அந்தப் பயணத்தில் அவர்களுக்கு இன்றைக்கும் நினைவிருப்பது அந்தக் கடைசி இரண்டு நாள்தான்.

இப்போது நேரக் கணக்குக்கு வருகிறேன். இதை யாரும் முதலில் யோசிப்பதில்லை, ஆனால் உங்கள் முழுப் பயணமும் இதில்தான் நிற்கிறது. சிங்கப்பூர் நேரம் நம் ஊர் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் இருக்கிறது. ஊரில் காலை ஆறரைக்கு எழும் குழந்தை இங்கே ஒன்பது மணிக்கு எழும். ஊரில் எட்டு மணிக்குத் தூங்குகிற மகள் இங்கே பத்தரை வரை விழித்திருப்பாள். ஐந்து நாளுக்காக இதை மாற்றப் போராடாதீர்கள். மாற்றி முடிப்பதற்குள் திரும்பும் விமானம் வந்துவிடும். அதற்குப் பதிலாக இந்த வித்தியாசத்தை உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். நிலநடுக்கோட்டுக்கு ஒட்டினாற்போல் இருப்பதால் இங்கே வருடம் முழுவதும் சூரியன் ஏழு மணி வாக்கில் உதித்து ஏழு மணி வாக்கில் மறைகிறது. மத்தியானம் ஒன்றிலிருந்து நாலரை வரை வெயிலும் புழுக்கமும், பல நாள் இடி மழையும். ஊர் நேரப்படி உங்கள் பிள்ளைகளின் மதியத் தூக்கம் இங்கே மூன்று, மூன்றரைக்கு வந்து விழும். வெயில் நேரத்தில் அறையில் தூங்கி, ஐந்து மணிக்குப் பால் குடித்து, புதுசாகக் கிளம்பினால், ஐந்தரையிலிருந்து ஒன்பதரை வரை நான்கு மணி நேரம் கையில் இருக்கிறது. ஊரே வெளியே வந்து உட்காரும் நேரம் அது. உங்கள் பிள்ளைகளுக்கு அது பிற்பகலும் முன்மாலையும்தான், அசதி இருக்காது.

விமானத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டிலிருந்து நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். நள்ளிரவு வாக்கில் கிளம்பி விடியற்காலை இங்கே இறங்கும் விமானங்கள் நிறைய. தூங்கிக்கொண்டே வந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் இறங்கும்போது ஊர் நேரப்படி மணி மூன்றரைதான் ஆகியிருக்கும், ஹோட்டல் அறையோ மதியம் இரண்டு, மூன்றுக்குத்தான் கிடைக்கும். தூக்கம் கலைந்த கைக்குழந்தையோடு எட்டு மணி நேரம் வரவேற்பறையில் உட்கார்வது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். பகல் விமானம் கிடைத்தால் அதில் வாருங்கள். கிடைக்காவிட்டால் முந்தின இரவுக்கும் சேர்த்து அறை எடுத்துவிடுங்கள். வேறு எதில் செலவைக் குறைத்தாலும் இதில் குறைக்காதீர்கள். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் மகனுக்குப் பால் கொடுங்கள், விழுங்க விழுங்கக் காது அடைப்பு விலகும். மகளுக்கு வாயில் ஏதாவது சப்பக் கொடுத்தால் போதும். சிங்கப்பூர் வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தின மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். குழந்தைக்கும் தனியாக ஒன்று வேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் தளங்களில் நிரப்பிவிடாதீர்கள்.

தங்கும் இடத்துக்கு லிட்டில் இந்தியா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பாருங்கள். சாப்பாட்டுக்காக மட்டும் சொல்லவில்லை. அந்த நிலையத்தில் வடகிழக்குப் பாதையும் டவுன்டவுன் பாதையும் சந்திக்கின்றன. டவுன்டவுன் பாதையில் ஒரு பக்கம் மூன்றாவது நிறுத்தம் பொட்டானிக் கார்டன்ஸ். இன்னொரு பக்கம் நான்காவது நிறுத்தம் பேஃப்ரண்ட், அதாவது கரையோரப் பூந்தோட்டங்கள் (கார்டன்ஸ் பை தி பே). வடகிழக்குப் பாதையில் ஐந்தாவது நிறுத்தம் ஹார்பர்ஃப்ரண்ட், செந்தோசா தீவுக்குப் போகும் இடம். நீங்கள் பார்க்க வேண்டிய பெரும்பாலான இடங்களுக்கு ரயில் மாறாமலே போகலாம். ஸ்ட்ரோலரும் பையும் மாமியாரின் முழங்காலும் இருக்கும்போது ரயில் மாறாமல் போவது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது மாறிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் உண்டு, ஸ்ட்ரோலர் போகும் அகலமான நுழைவாயிலும் உண்டு. ஆனால் எல்லா வாசலிலும் லிஃப்ட் இருக்காது. சக்கர நாற்காலி அடையாளம் எந்த வாசல் எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பலகையில் பார்த்துவிட்டு நடங்கள். தெருவிலிருந்து ஒரு லிஃப்ட், அங்கிருந்து மேடைக்கு இன்னொன்று என்று மாற வேண்டிவரும். வரைபடம் காட்டும் நேரத்தோடு பத்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். நகரும் படிக்கட்டில் மட்டும் ஸ்ட்ரோலரை ஏற்றாதீர்கள். மற்றவர்கள் ஏற்றுகிறார்களே என்று தோன்றும், வேண்டாம். இங்கே அந்தப் படிகள் நம் ஊரைவிட வேகமாக ஓடும். பேருந்தில் 2017 முதல் ஸ்ட்ரோலரை மடிக்காமலே ஏற்றலாம். சக்கர நாற்காலிக்கான இடத்தில் நிறுத்திப் பிரேக் போட்டுக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியில் யாராவது ஏறினால் இடம் அவர்களுக்கு.

பெரியவர்கள் வங்கி அட்டையைத் தட்டியே போகலாம். 90 சென்டிமீட்டருக்குக் கீழ் உள்ள குழந்தைக்குக் கட்டணம் இல்லை. உங்கள் மகள் அந்த உயரத்தைத் தாண்டியிருப்பாள். ஏழு வயது நிரம்பாத குழந்தைகளுக்கு இலவசப் பயண அட்டை ஒன்று உண்டு, நிலையத்தில் அவள் பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள்.

மகளுக்கு ரயில்தான் முதல் வேடிக்கையாக இருக்கும், பாருங்கள். நான் சொன்ன வடகிழக்கு, டவுன்டவுன் பாதைகள் இரண்டிலும் ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது. முதல் பெட்டியின் முன் கண்ணாடிக்குப் போய் நின்றால் சுரங்கமும் விளக்குகளும் தெரியும். என் மகன் நான்கு வயது வரை அந்த இடத்தை விட்டு நகர்ந்ததில்லை. மழை கொட்டும் ஒரு நாள் எங்கும் போக முடியாவிட்டால் டவுன்டவுன் பாதையில் கடைசி நிலையமான புக்கிட் பாஞ்சாங் வரை போய், அங்கிருந்து மேலே ஓடும் குட்டி ரயிலில் ஒரு வட்டம் வாருங்கள். அடுக்குமாடி வீடுகளுக்கு அருகில் போகும்போது, உள்ளே இருப்பவர்களின் அந்தரங்கத்துக்காக அதன் சன்னல் கண்ணாடி தானாகவே மங்கி, தாண்டியதும் தெளியும். ஒரு மூன்றரை வயதுக்காரிக்கு அது மந்திரம் மாதிரி. செலவு ரயில் கட்டணம் மட்டும்தான்.

ரயிலிலும் நிலையத்திலும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. 500 வெள்ளி வரை அபராதம் என்று பலகையே வைத்திருப்பார்கள். இங்கே டாலரை வெள்ளி என்றுதான் சொல்வோம். ஆகவே நிலையத்துக்குள் நுழையும் முன்பே மகள் கையில் இருக்கும் பிஸ்கட் முடிந்திருக்க வேண்டும். உள்ளே போனபின் பிடுங்கினால் கூட்டத்துக்கு நடுவில் அழுகை ஆரம்பிக்கும்.

கார் பயணத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ளவர்களுக்குக் குழந்தை இருக்கையோ உயர இருக்கையோ கட்டாயம். டாக்சிகளுக்கு மட்டும் விலக்கு. செயலியில் அழைக்கும் தனியார் வாடகைக் கார்களுக்கு விலக்கு இல்லை. குழந்தை இருக்கையோடு வரும் வண்டி என்று தனித் தெரிவு இருக்கும், அதை எடுங்கள். டாக்சியில் போவதானால் பின் இருக்கையில் உட்காருங்கள். உங்களைச் சுற்றிய பெல்ட்டுக்குள் குழந்தையையும் சேர்த்துப் போடக் கூடாது. மோதினால் உங்கள் எடை முழுவதும் அவன் மேல் விழும். முடிந்தவரை ரயிலிலும் பேருந்திலும் போய்விடுங்கள் என்பதே என் யோசனை.

வெயிலைப் பற்றி. திருச்சிக்காரர்களுக்கு வெயில் என்ன புதுசா என்று நினைப்பீர்கள். வெப்பமானியில் 32, 33 தான் காட்டும். ஆனால் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது, உடம்பு குளிராது. பெரியவர்கள் இதைச் சமாளித்துவிடுவோம். ஒன்பது மாதக் குழந்தையின் உடம்பு அவ்வளவு சீக்கிரம் சூட்டை வெளியேற்றாது. வெயில் படக் கூடாது என்று ஸ்ட்ரோலரின் மேல் துணியைப் போர்த்தி மூடாதீர்கள். காற்றோட்டம் இல்லாமல் உள்ளே சூடு ஏறிவிடும், வெளியிலிருந்து பார்த்தால் நமக்குத் தெரியாது. கூரையை இழுத்துவிட்டு, சின்ன மின்விசிறி ஒன்றைக் கம்பியில் மாட்டினால் போதும். கழுத்தின் பின்பக்கம் அடிக்கடி தொட்டுப் பாருங்கள். தாய்ப்பால் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு தடவை கூடுதலாகக் கொடுங்கள், நடுவில் சிறிது தண்ணீரும் கொடுக்கலாம். குழாய்த் தண்ணீரையே இங்கே குடிக்கலாம், அவனுக்கு மட்டும் வேண்டுமானால் காய்ச்சி ஆற வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பக்கம், ரயிலிலும் கடைத்தொகுதிகளிலும் ஏசி கடுமையாக இருக்கும். வியர்த்த உடம்போடு உள்ளே நுழைவதற்கு முன் பனியனை மாற்றி, மெல்லிய முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டுவிடுங்கள். பையில் இரண்டு பனியன் எப்போதும் இருக்கட்டும்.

சரி, இடங்கள். ஐந்து நாளில் நான்கு இடம் போதும்.

முதலில் பூமலை. பொட்டானிக் கார்டன்ஸை இங்குள்ள தமிழர்கள் அப்படித்தான் சொல்வோம். 1859-இல் தொடங்கியது, 2015-இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. காலை ஐந்து மணி முதல் நள்ளிரவு வரை திறந்திருக்கும், நுழைவுக் கட்டணம் இல்லை. ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் சீட்டு வாங்க வேண்டும், இந்த முறை அதை விட்டுவிடுங்கள். நீங்கள் போக வேண்டியது பூமலைக்குள் இருக்கும் ஜேக்கப் பல்லாஸ் சிறுவர் தோட்டம். அதுவும் இலவசம். பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது, குழந்தை இல்லாமல் பெரியவர்களை உள்ளே விட மாட்டார்கள். மணல் குழி, மரவீடு, ஆடும் பாலம், தண்ணீர் பீச்சியடிக்கும் இடம் எல்லாம் உண்டு. திங்கட்கிழமை மூடியிருக்கும், மற்ற நாட்களில் மாலை ஏழு மணிக்கு மூடுவார்கள். ஐந்தரைக்குப் போனால் வெயில் தணிந்திருக்கும். பிள்ளைகள் நனைந்து விளையாடியபின் உடை மாற்றிவிட்டு, புல்வெளியில் ஒரு விரிப்பைப் போட்டு மகனைத் தவழ விடுங்கள். இந்த ஊரில் கைக்குழந்தைக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த இடம் அந்தப் புல்வெளிதான் என்பது என் எண்ணம். மாமியாருக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். 1877-இல் பிரிட்டனின் கியூ தோட்டத்திலிருந்து வந்த ரப்பர் கன்றுகளை இந்தத் தோட்டத்தில்தான் நட்டு வளர்த்தார்கள். தோட்டத்தின் முதல் இயக்குநர் ஹென்றி ரிட்லி, மரம் சாகாமல் பால் எடுக்கும் முறையை இங்கேதான் கண்டுபிடித்தார். அந்த ரப்பர்தான் மலாயா முழுவதும் பரவி, நம் ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பால்வெட்டுக்குக் கப்பல் ஏற்றியது. என் கொள்ளுத் தாத்தாவும் அப்படிப் போனவர்தான். குழந்தைகளோடு அங்கே உட்காரும் ஒவ்வொரு முறையும் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

இரண்டாவது கரையோரப் பூந்தோட்டங்கள். 2012-இல் திறந்தது. இது ரொம்பப் பெரிய இடம், முழுவதையும் பார்க்க நினைத்தால் யாருமே திருப்தியாகத் திரும்ப முடியாது. எங்கள் வீட்டு வழக்கம் இது: ஐந்தரைக்கு அங்குள்ள சிறுவர் தோட்டத்தின் நீர் விளையாட்டு, இலவசம், திங்கட்கிழமை விடுமுறை. பிறகு உடை மாற்றி, சாப்பிட்டு, 7.45 மணிக்கு அந்தப் பெரிய இரும்பு மரங்களின் அடியில் விளக்கும் இசையுமான காட்சி. அதுவும் இலவசம். தவறவிட்டால் 8.45-க்கு இன்னொன்று. உட்கார்ந்து பார்ப்பதைவிடத் தரையில் மல்லாந்து படுத்துப் பார்ப்பது நன்றாக இருக்கும். 25 முதல் 50 மீட்டர் உயர மரங்கள் அவை, மகள் அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலிக்கும் என்பாள். சத்தம் கொஞ்சம் அதிகம். மகன் பயந்தால் ஒலிபெருக்கிகளிலிருந்து தள்ளி ஓரமாக நில்லுங்கள். கண்ணாடிக் கூடங்கள் இரண்டு இருக்கின்றன, கட்டணம் உண்டு, 3 வயதுக்குக் கீழ் இலவசம். ஒன்றை மட்டும் எடுப்பதானால் முகில் வனத்தை எடுங்கள். உள்ளே நுழைந்ததும் 35 மீட்டர் உயர அருவி முகத்தில் சாரலடிக்கும். முழுவதும் லிஃப்ட் உண்டு. மழை நாளின் மத்தியானத்துக்கு அது நல்ல இடம்.

நீர் விளையாட்டுக்கு ஒரு வார்த்தை. மகனுக்கு நீச்சல் டயப்பர் தனியாக வாங்குங்கள், சாதாரண டயப்பர் தண்ணீரை உறிஞ்சிக் கனத்துத் தொங்கும். தரை வழுக்காமலிருக்க மகளுக்கு வார் வைத்த ரப்பர் செருப்பு வேண்டும். மின்னல் எச்சரிக்கை வந்தால் உடனே எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள், வாதாடாமல் வந்துவிடுங்கள். இந்த ஊர் மின்னல் விளையாட்டல்ல.

மூன்றாவது மண்டாயில் உள்ள விலங்கியல் தோட்டம். 1973-இல் திறந்தது. கம்பிக் கூண்டுகள் குறைவு, அகழியும் செடிகளும்தான் தடுப்பு. தலைக்கு மேலே கயிற்றில் ஒராங்ஊத்தான் நடந்து போகும். இதற்கு மட்டும் காலையில் கிளம்ப வேண்டும். ஊரின் வடக்கு ஓரம் என்பதால் போய்ச் சேரவே ஒரு மணி நேரம் ஆகும். அதனால் நான்காம் நாள் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் பிள்ளைகளின் உடம்பும் இந்த ஊர் நேரத்துக்குக் கொஞ்சம் நகர்ந்திருக்கும். எட்டரைக்குத் திறப்பார்கள், பன்னிரண்டரைக்குத் திரும்பிவிடுங்கள். எல்லா விலங்கையும் பார்க்க வேண்டியதில்லை. என் மகள் அந்த வயதில் நீர்நாயின் முன்னால் நாற்பது நிமிடம் நின்றாள், ஒட்டகச்சிவிங்கியைப் பார்க்க வரவே மாட்டேன் என்றுவிட்டாள். சரி என்று நாங்களும் உட்கார்ந்துவிட்டோம்.

நான்காவது, காசு கொடுத்துப் பார்க்கும் இடம் அல்ல. வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளுக்கு நடுவில் இருக்கும் விளையாட்டிடங்கள். இங்கே வசிப்பவர்களில் பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேர் அந்த வீடுகளில்தான் இருக்கிறோம். ஒவ்வொரு பேட்டையிலும் ரப்பர் தரை போட்ட விளையாட்டிடம் ஒன்றாவது இருக்கும். மாலை ஆறு மணிக்குப் போங்கள். சீன, மலாய், தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் சறுக்கிக்கொண்டிருப்பார்கள், தாத்தா பாட்டிகள் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். மொழி தெரியாமலே உங்கள் மகள் ஐந்து நிமிடத்தில் சேர்ந்துகொள்வாள். தோ பாயோவில் 1979-இல் கட்டிய டிராகன் விளையாட்டிடம் இன்னும் இருக்கிறது. கோர் இயன் கீ என்பவர் வடிவமைத்தது. கீழே ரப்பர் கிடையாது, பழைய மாதிரி மணல்தான். சிங்கப்பூருக்கு வந்துவிட்டு இங்குள்ள பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்று பார்க்காமல் திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

எதை விடுவது? பெரிய சவாரிப் பூங்காவை விடுங்கள். பல சவாரிகளுக்கு உயர வரம்பு உண்டு, சீட்டு விலைக்கு மகளுக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். இரவு விலங்கியல் தோட்டத்தையும் விடுங்கள், இருட்டில் டிராம் ஆடும் ஆட்டத்தில் இரண்டும் தூங்கிவிடும். செந்தோசாவின் கடற்கரை மணல் மட்டும் வேண்டுமானால், நடைபாதை வழியாக ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டே தீவுக்குப் போகலாம். எதிரே கடலில் வரிசையாகக் கப்பல்கள் நிற்கும். மகளுக்குப் பிடிக்கும்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். லிட்டில் இந்தியாவில் தேக்காச் சந்தையிலும் சிராங்கூன் சாலையிலும் இட்லி, இடியாப்பம், தயிர்சாதம் எல்லாம் கிடைக்கும். 1947-லிருந்து இருக்கும் கோமள விலாஸும் அங்கேதான். ஆனால் ஐந்து நாளும் இட்லியிலேயே இருந்துவிடாதீர்கள். உணவங்காடி நிலையங்களுக்குப் போங்கள், அந்தப் பண்பாட்டையே 2020-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். சீனர் கடைக் கஞ்சி நன்றாகக் குழைந்திருக்கும், மேலே எதுவும் போடாமல் கேட்டு வாங்கலாம். ஆனால் கொதிக்கும்போதே கோழி, மீன் சேர்ந்திருக்கலாம், உப்பும் இருக்கும். சைவம் என்றால் சைவக் கடையில் மட்டும் வாங்குங்கள், மகனுக்கு உப்பைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பழக்கடையில் பப்பாளி வெட்டித் தருவார்கள், ஒன்பது மாதத்துக்கு அதுவே போதும். பல இடங்களில் குழந்தை நாற்காலி ஒரு மூலையில் அடுக்கியிருக்கும். மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அந்த இடத்தை யாரோ பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், உட்கார வேண்டாம். கடையில் கைதுடைக்கத் தாள் தர மாட்டார்கள் என்பதால் நீங்களும் இரண்டு பாக்கெட் வைத்திருங்கள். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே திருப்பி வைக்க வேண்டும், மேசையில் மகன் இறைத்ததையும் துடைத்துவிடுங்கள். விட்டுப் போனால் அபராதம் உண்டு.

டயப்பரைப் பெட்டி நிறைய அடைத்து வராதீர்கள். இரண்டு நாளுக்கு எடுத்து வந்தால் போதும், எந்தப் பேட்டையிலும் கிடைக்கும். கடைத்தொகுதிகளில் பாலூட்டும் அறை இருக்கும், பலவற்றில் வெந்நீர்க் குழாயும் உண்டு. வெளியில் துணியைப் போர்த்திக்கொண்டு பால் கொடுத்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கொசு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். டெங்கு இங்கே வருடம் முழுவதும் இருக்கிறது, அதைப் பரப்பும் கொசு பகலில்தான் கடிக்கும். பாதிப்புள்ள பேட்டைகளில் சிவப்பு, மஞ்சள் பதாகை தொங்கும். சிவப்பைப் பார்த்தால் அந்த விளையாட்டிடம் வேண்டாம், அடுத்ததற்குப் போங்கள். தோட்டத்துக்குப் போகும்போது இரண்டு பிள்ளைகளுக்கும் மெல்லிய முழுநீளக் கால்சட்டை போடுங்கள். கொசு மருந்தை உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேட்டு ஊரிலேயே வாங்கி வாருங்கள், மகன் வாயில் வைக்கும் கைகளில் தடவ வேண்டாம். பயணக் காப்பீடு இல்லாமல் வராதீர்கள். வெளிநாட்டவருக்கு மருத்துவச் செலவு மிக அதிகம். அவசரத்துக்கு 995. 24 மணி நேரக் குழந்தைகள் அவசரப் பிரிவு உள்ள கேகே மகளிர், சிறார் மருத்துவமனை லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. 1966-இல் ஒரே வருடத்தில் ஏறக்குறைய 40,000 பிள்ளைகள் பிறந்து உலக சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்ற ஆஸ்பத்திரி அது. உங்களுக்குத் தேவைப்படாது, ஆனால் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தாலே ராத்திரி கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கலாம்.

கூட்டத்தில் மகள் விலகிவிட்டால் என்ன செய்வது என்பதை ஊரிலேயே விளையாட்டாகச் சொல்லிப் பழக்குங்கள். "அம்மாவைக் காணோம்னா நடக்காதே, அங்கேயே நில்லு." மூன்றரை வயதுக்கு இந்த ஒரு வாக்கியம்தான் நிற்கும். உங்கள் தொலைபேசி எண்ணை அவள் கையில் பேனாவால் எழுதிவிடுங்கள். ரயிலில் ஏறும்போது ஸ்ட்ரோலரைத் தள்ளுபவர் வேறு, அவள் கையைப் பிடிப்பவர் வேறு என்று முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். இருவரும் ஸ்ட்ரோலரையே பார்த்துக்கொண்டிருக்கும் அந்த இரண்டு வினாடியில்தான் கதவு மூடும்.

இன்னொன்றைக் கேட்காமலே சொல்கிறேன். பயணத்தில் பால் கொடுப்பதும் பையை அடுக்குவதும் துணியை அலசுவதும் பெரும்பாலும் அம்மா தலையில்தான் விழுகிறது. ஒரு நாள் மாலையில் மகனுக்குப் பால் கொடுத்துவிட்டு, கணவரிடமும் மாமியாரிடமும் பிள்ளைகளை விட்டு, இரண்டு மணி நேரம் தனியாக எங்காவது போய் வாருங்கள். மாமியாருக்கும் அப்படி ஒரு நேரம் வேண்டும். அறைக்குப் பக்கத்திலேயே வீரமாகாளியம்மன் கோயில் இருக்கிறது, சாயங்கால பூஜைக்கு அவரை மட்டும் நிதானமாகப் போய் உட்கார விடுங்கள்.

கடைசி நாள் வேறு எதையும் வைக்காமல் விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம் முன்கூட்டியே கிளம்புங்கள். முனையங்களுக்கு நடுவில் ஜுவல் இருக்கிறது. 2019-இல் திறந்தது, கண்ணாடிக் கூரையிலிருந்து 40 மீட்டர் அருவி உள்ளே கொட்டும், பார்க்கக் காசு இல்லை. பெட்டிகளை முதலில் ஒப்படைத்துவிட்டுப் போங்கள். அருவிக்குக் கீழ்த்தளத்தில் அதைச் சுற்றிக் கண்ணாடிச் சுவர் இருக்கும். மகனை இறக்கி அதைப் பிடித்து நிற்க விடுங்கள், தண்ணீர் அவன் முகத்துக்கு நேரே ஓடும். அங்கே கால் மணி நேரம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள்.